கலியாணசுந்தரத்தின் வில்லன்கள்

கலியாணசுந்தரத்துக்குக் கதாநாயகர்கள் மேல் என்றைக்கும் பெரிய மரியாதை இருந்ததில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிறவனை எவன் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், ஒரு நல்ல வில்லனை உருவாக்கத்தான் மண்டை வேண்டும் என்பார். பேருந்து நிலையத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில் சின்ன வயசில் வாங்கத் தொடங்கிய படக்கதைகள், அம்சவேணி கல்யாணமாகி வந்து துணி வைக்க இடம் தேடியபோது டிரங்குப் பெட்டியை நிறைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றில் வருகிற வில்லன்களுக்கெல்லாம் பூச்சி பொட்டுகளின் பெயர்தான். பூரான் எந்தச் சந்திலும் நுழைந்து எந்தப் பூட்டையும் திறப்பான். ஓணான் ஆளுக்கு ஆள் வேஷம் மாறுவான். நட்டுவாக்காலி கையில் இரும்புக் கொடுக்கை மாட்டிக்கொண்டு பேங்க் கதவைக் கிழிப்பான்.

அம்சவேணி ஒரு புத்தகத்தையும் பிரித்துப் படித்தவள் இல்லை. ஆனாலும் எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து வருகிற கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். சேலையின் உடலை அவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுகிற வேலை அவளுடையது. பெரிய காஞ்சிபுரத்தில் அந்த ஒடுக்கமான வீட்டில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, அவர் கதை சொல்லிக்கொண்டே இருப்பார். கதை சூடு பிடிக்கும் இடத்தில் கை நின்றுவிடும்.

"கைய ஓட்டிக்கினே சொல்லுங்க. பூரான் எங்க போயிடப் போறான்" என்பாள் அவள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பொம்பளை வில்லி உண்டு. பெயர் குளவி. அவளுக்குத் துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. காதோரம் வந்து ஒரு வார்த்தை சொல்லுவாள், சுருக்கென்று தைக்கும், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டாள். கதாநாயகனால் கடைசிவரை அவளைப் பிடிக்கவே முடியவில்லை. கல்யாணமான புதிதிலேயே கலியாணசுந்தரம் அந்தப் பெயரைப் பெண்டாட்டிக்கு வைத்துவிட்டார். "காதாண்ட நொய்யினு வந்து, சுருக்குனு ஒன்னு வெச்சிட்டுப் போற. உனுக்கு வேற இன்னா பேரு வெக்கறது" என்று சிரித்தார். நாலு சுவருக்குள் என்றால் சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

மனுஷன் நாலு சுவரோடு நிற்கவில்லை. அவள் தம்பி உதயகுமார் கல்யாணத்தில், மண்டபம் நிறைய ஜனம் இருக்கும்போது, "ஏ குளவி, பொட்டி சாவி எங்கடி" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். புதுப்பெண் காந்தாவின் வீட்டு வாண்டுகள் அன்று முழுக்க 'ஙொய்ங்' என்று சத்தம் போட்டுக்கொண்டே அவள் பின்னால் ஓடின. பெரியவர்களும் விடவில்லை. அம்சவேணி முகம் சிவந்துபோய் ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "இனிமே அந்தப் பேரு உங்க வாயில வந்துச்சினா, நான் எங்கம்மா வூட்டோட போயிடுவேன்." அவர் அவள் தலையில் கை வைத்து, சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். அதற்குப் பிறகு வேணிதான், கோபம் வந்தால் அம்சவேணி.

போன ஐப்பசி மழையில் அவருக்கு வாதம் வந்தது. வலது கை விழுந்தது. அதோடு பேச்சும் போயிற்று. காது கேட்டது, சொல்வது புரிந்தது, சிரிக்கிற இடத்தில் சிரித்தார். வார்த்தை மட்டும் வரவில்லை. ஏதாவது வேண்டும் என்றால் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டுவார். அம்சவேணி பக்கத்து வீட்டுத் தறிக்குக் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அங்கேயும் அந்தச் சத்தம் கேட்கும், எழுந்து ஓடி வருவாள். டம்ளர் தட்டி என் புருஷன் என்னைக் கூப்பிடும்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். ஏகாம்பரநாதர் சந்நிதியில் நின்று அவள் கேட்டது ஒன்றுதான். கை வராவிட்டால் போகிறது, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜீவிதா நல்ல பெண். பொறுமையாகப் படங்கள் காட்டுவாள். மாடு, நாய், காக்கா. அவர் உதடு அசையும், சத்தம் வராது. கடைசியில் வெறுத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். தண்ணீர் என்ற சொல்கூட வரவில்லை.

ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. வியர்வையில் அவர் தவிப்பதைப் பார்த்து, விசிறி தேடிக் கிடைக்காமல், அம்சவேணி பெட்டியைத் திறந்து கைக்கு வந்த புத்தகத்தை எடுத்து வீசினாள். அட்டையில் ஒருவன் இரும்புக் கொடுக்கை உயர்த்திக்கொண்டு நின்றான். கலியாணசுந்தரம் அதையே பார்த்தார்.

"நட்டுவாக்காலி" என்றார்.

அவள் கையிலிருந்து புத்தகம் விழுந்தது. தண்ணி என்று சொல்ல வராத வாயில் நட்டுவாக்காலி வந்துவிட்டான், ஒரு எழுத்துகூடத் தடுக்காமல். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தாள்.

மறுவாரம் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு ஜீவிதா முன்னால் போய் நின்றாள். ஜீவிதாவுக்கும் சந்தோஷம். "மனசுக்குப் புடிச்ச வார்த்தை சில பேருக்கு முதல்ல வரும்மா. இதையே வெச்சிக்கினு போகலாம்" என்றாள். அதன்பிறகு தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அம்சவேணி அவர் பக்கத்தில் தறியில் உட்கார்ந்த மாதிரியே உட்காருவாள். இப்போது கதை சொல்கிறவள் அவள். "பூட்டு தொறக்கறவன் யாருங்க?" என்பாள். அவர் "பூரான்" என்பார். ஓணான் வந்தான், தேள் வந்தான், நண்டு வந்தான். குளவி வரும் புத்தகம் மட்டும் கைக்கு வந்தால் அவர் வாயை இறுக மூடிக்கொள்வார். இடது கையால் பக்கத்தைத் தள்ளிவிடுவார். அந்த ஒரு வார்த்தை அழிந்துபோயிற்று போல என்று அம்சவேணி நினைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று அவளே விரட்டிய பெயர், இப்போது இல்லை என்றதும் ஏக்கமாக இருந்தது.

ஒரு காலை அவர் குளியலறையிலிருந்து "பூரான், பூரான்" என்றார்.

"அந்த புக்கு இங்க இருக்குதுங்க. குளிச்சிட்டு வாங்க, படிக்கலாம்" என்றாள் அடுப்படியிலிருந்து.

"பூரான்" என்று மறுபடியும், கொஞ்சம் எரிச்சலாக. போய்ப் பார்த்தால் சாக்கடைத் துவாரத்திலிருந்து நிஜமான பூரான், நல்ல நீளத்தில், அவர் காலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. துடைப்பத்தால் அதைத் தள்ளிவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படத்தில் இருந்த சொல் வெளியே வந்துவிட்டது. இனி தன் பெயரும் வந்துவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை பிறந்தது.

ஜீவிதா கல்யாண போட்டோவைக் காட்டினாள். "இவங்க யாருங்க அய்யா?"

அவர் பார்த்தார். வாய் திறந்தது. எதையோ சொல்ல வந்து, அம்சவேணியை நிமிர்ந்து பார்த்து, மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டியது. "அவசரமில்லமா" என்றாள் ஜீவிதா. உலகத்தில் இருக்கிற விஷ ஜந்துவெல்லாம் நினைவிருக்கிறது, நான் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது அம்சவேணி அழுதாள். அவர் அவள் முட்டியில் கை வைத்துக்கொண்டே வந்தார்.

உதயகுமாரின் மகளுக்கு ஓரிக்கையில் கல்யாணம் வந்தது. "அண்ணனுக்கு ரூமுக்கே சாப்பாடு அனுப்பிடட்டுமா அண்ணி? அவருக்கு சிரமமா இருக்கப் போவுது" என்று காந்தா கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"எல்லாரோடயும் உக்காந்து சாப்புடட்டும்" என்றாள் அம்சவேணி.

பந்தியில் ஓரமாக அவரை உட்கார வைத்து, பக்கத்து இலையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, அம்சவேணி தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது உதயகுமார் வந்து தாம்பூலப் பை கொடுக்க அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டான். பந்தி மளமளவென்று நிறைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கனத்த உடம்பு, அம்சவேணியின் நாற்காலியை இழுத்தார். கலியாணசுந்தரம் அந்த இலை மேல் இடது கையை விரித்து வைத்தார்.

"ஆள் வராங்களா? யாருங்க?"

அவர் உள்ளங்கை இலையை விட்டு எழவில்லை. "யாருக்குனு சொன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர், தன்மையாகத்தான். பக்கத்தில் நின்ற காந்தா குனிந்து, "அவருக்கு பேச வராதுங்க. நீங்க உக்காருங்க" என்றாள். வாசலிலிருந்து பார்த்த அம்சவேணி பையைப் போட்டுவிட்டு வந்தாள். கலியாணசுந்தரத்தின் வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்தது.

"குளவி" என்றார்.

சத்தமாகவே சொன்னார். அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பழைய ஆட்கள் யாரோ சிரித்தார்கள். அவர் பந்தியைப் பார்க்கவில்லை, காந்தாவைப் பார்க்கவில்லை. நேரே அம்சவேணியைப் பார்த்தார், பயந்துபோய். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சொல் அழிந்துபோகவில்லை. அவளுக்கு என்று அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் அது, அதையும் சத்தியத்துக்காக இத்தனை மாசமும் பல்லுக்குள் கடித்து வைத்திருந்திருக்கிறார். இன்றைக்கு அவள் இலை போய்விடுமே என்றுதான் விட்டுவிட்டார்.

"அது என் எடங்க" என்றாள் பெரியவரிடம். "குளவி நான்தான்."

பெரியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கலியாணசுந்தரம் மெதுவாகக் கையை எடுத்தார், இலையில் அவர் உள்ளங்கை பட்ட இடம் வெதுவெதுவென்று இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா கூப்புடுங்க."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "குளவி" என்றார் தாழ்ந்த குரலில்.

"சத்தமா கூப்புடுங்க. காந்தாவுக்குக் கேக்கல."