திருநெல்வேலி, மூணு பேர்

விசில் சத்தம் கேட்டால் கொச்சிக்காரர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் கடலையைத் தொடர்ந்து கொறிக்கிறார்கள். எங்களுக்கு அப்படியில்லை. இடுக்கி மலையில் பள்ளிவாசல் என்கிற எங்கள் ஊர்த் தேயிலை எஸ்டேட்டில் விசில் என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். குரல் கொடுக்காதவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இதற்குப் பழகிய கால்கள் என்னுடையவை. அதனால்தான் எர்ணாகுளம் படகுத்துறையில் காக்கித் தொப்பி போட்ட கைடு ஒருவர் விசில் ஊதியதும் நானும் என் வீட்டுக்காரரும் மகள் செல்வியும் எங்களை அறியாமலே ஒருவர் பின் ஒருவராகக் கரையில் வரிசை கட்டி நின்றோம். கூட வந்த மற்றவர்கள் எல்லாரும் படகில் ஏறி, காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது இன்ஜினை ஒட்டிய பலகை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், 'கொச்சியைச் சுற்றிப் பார்க்கப் போனார்களாமே, கொடுத்து வைத்தவர்கள்' என்று பெருமூச்சு விட வேண்டாம். நாங்கள் போனது கடலைப் பார்க்க அல்ல, செல்வியைக் காட்ட. இடுக்கி தனி ஜில்லாவாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மாப்பிள்ளைப் பையன் தங்கராசு கொச்சித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு உதவியாள். குடும்பம் நம் சீமைதான். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து இருபது வருஷமாக மட்டாஞ்சேரியில் இருக்கிறார்கள். பெண் பார்க்க அவர்கள்தான் மலைக்கு வர வேண்டும். பையனின் அம்மாவுக்கோ மலை ரோடு ஆரம்பிக்கிற நேரியமங்கலம் தாண்டினால் குடல் வாய்க்கு வந்துவிடுமாம். நாங்கள் போகலாமென்றால், பூ வைத்து நிச்சயம் செய்வதற்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஏதாவதொரு கோயிலில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டதுபோலப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பக்கமே நின்று காது மந்தமானவர். ஆனால் லாரி டிரைவர் சொன்ன இந்த 'அரைநாளில் கொச்சி' படகுச் சுற்றுலாச் சங்கதி மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்துவிட்டது.

"ஊரைப் பாத்த மாதிரியும் ஆச்சு, பிள்ளையக் காட்டின மாதிரியும் ஆச்சு" என்றார். என்னமோ மலையைக் குடைந்து ரோடு போட்டவர் மாதிரி ஒரு பெருமை முகத்தில்.

இரண்டு வீட்டாரும் தனித்தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். ஒருவரையொருவர் தெரியாதவர்போல ஏற வேண்டும். பிறகு பேச்சுவாக்கில் பழகிக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லாமல் இறங்கிப் போய்விடலாம். இதுதான் ஏற்பாடு.

என்னைப் பயமுறுத்திய விஷயம் வேறு. பையனின் அம்மா தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண் வேண்டாம். செல்வி இரண்டு வருஷமாகக் கொழுந்துதான் எடுக்கிறாள். நான் தரகரிடம் 'வீட்டோடு இருக்கிறாள், தையல் தெரியும்' என்று சொல்லிவிட்டேன். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இடம் தவறினால் அடுத்த லயத்து வரிசை வீட்டிலேயே ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து, நான் பட்ட மழையும் அட்டைக்கடியும் அவளும் படவேண்டியதுதான். ஒரே ஒரு பெண். அவளாவது மலையை விட்டு இறங்கட்டும் என்று நினைத்தது தப்பா? கொழுந்துக் கறை அவள் விரல் நுனியில் கறுப்பாக ஏறியிருந்தது. மூன்று நாள் எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிரக் கறை போகவில்லை. "கையை முந்தானைக்குள்ள வச்சுக்கோ, வெளிய எடுத்தே, கொன்னுடுவேன்" என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தேன்.

என்னைக் கட்டிக் கொடுத்தபோதும் இப்படித்தான் ஒரு பொய் சொன்னார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள் நான், எட்டாவது வரை படித்தவள். 'மாப்பிள்ளை வீட்டுக்குக் கீழேதான் கரண்டு ஆபீஸ், ராத்திரியெல்லாம் பகல் மாதிரி இருக்கும்' என்றார்கள். கரண்டு ஆபீஸ் கீழே இருந்தது உண்மை. மலையிலிருந்து குழாயில் தண்ணீர் இறங்கி, அங்கே கரண்டாக மாறி, கம்பி வழியாக எங்கள் தலைக்கு மேலேயே கொச்சிக்கு ஓடியது. எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. முதல் ஒரு வருஷம் நான் அந்தக் கம்பிகளைப் பார்த்துத் திட்டாத நாள் கிடையாது.

படகு கிளம்பியதும் கைடு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக வந்தார். "நாட்டில் எவிடெயா?" என்று கேட்டு ஊரையும் ஆள் கணக்கையும் குறித்துக்கொண்டார். பேரெல்லாம் அவருக்கு வேண்டாம், ஊர்தான் கணக்கு. எதிர்ப்பலகையில் ஊதாச் சேலை கட்டிய ஒரு அம்மாவும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு பையனும் இருந்தார்கள். பார்த்ததுமே அவர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மா கூச்சமே இல்லாமல் "மட்டாஞ்சேரி, ரெண்டு பேர்" என்றாள்.

"மட்டாஞ்சேரியோ? ஸ்வந்தம் வீடு காணான் டிக்கெட் எடுத்தோ?" என்று, சொந்த வீட்டையே காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களைப் பார்த்துக் கைடு சிரித்தார். படகே சிரித்தது. பையனுக்குக் காது சிவந்துபோயிற்று.

அடுத்தது நாங்கள். அந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மலையில் இருப்பது அவளுக்குத் தெரியும்தான், ஆனாலும் பள்ளிவாசல் என்று வாய்விட்டுச் சொன்னால் தேயிலை வாசம் அடித்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது. "திருநெல்வேலி. மூணு பேர்" என்றேன். என் வீட்டுக்காரர் இன்ஜினைக் குனிந்து பார்த்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழவில்லை. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

பிறகு பேச்சுவாக்கில் பழக வேண்டுமே! அதற்கு அந்த கைடு விட்டால்தானே. நான் "அக்காவுக்குச் சொந்த ஊரே இதுதானா?" என்று ஆரம்பித்தால் அவர் போர்ச்சுகீசியரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவார். அந்த அம்மா "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டால், டச்சுக்காரர்கள் வந்துவிடுவார்கள். "வீட்டோட இருக்கா, தையல்" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேலே நான் கத்த, நாலு பலகை தள்ளியிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுகத்தைத் தாண்டும்போது கைடு கையை நீட்டி, "கரண்டு கொண்டு ஓடுன்ன கிரேன்!" என்று முழங்கினார். எங்களுக்குக் கீழே பிறந்து, எங்களுக்கு மட்டும் கொடுக்காமல், இத்தனை தூரம் ஓடிவந்து இங்கே இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா அந்தக் கரண்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மட்டாஞ்சேரியில் இறக்கி அரண்மனைக்கு நடத்திக்கொண்டு போனார். அந்த அம்மா நடை ஓய்ந்து என் பக்கத்தில் வந்தாள். "இந்தச் சந்துல திரும்பினா மூணாவது வீடு எங்க வீடு. ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போலாம். என்ன செய்ய, நீங்க வரக் கூடாது. இருபது வருஷமா தெனம் பாக்குற சுவத்தை இன்னைக்கு டிக்கெட் எடுத்து வந்து பாக்கேன்" என்றாள். அவளுக்கும் எரிச்சல்தான். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. தங்கராசுவும் ஒருவழியாக வாயைத் திறந்து செல்வியிடம், "மலையில அட்டை நிறைய கடிக்குமோ?" என்று கேட்டான். ஒரு பையன் பெண்ணிடம் முதன்முதலாகக் கேட்கிற கேள்வியா இது!

"கடிக்கும். நாங்களும் சும்மா விட மாட்டோம், உப்பைப் போட்டுருவோம்" என்றாள் செல்வி. அவன் சிரித்துவிட்டான். கை முந்தானைக்குள்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கோட்டைக் கொச்சியில் சீன வலைகளைப் பார்க்கப் பத்து நிமிஷம் கொடுத்தார் கைடு. விசில் அடித்ததும் நாங்கள்தான் முதலில் வந்து வரிசையில் நின்றோம். நோட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தார். திருச்சூர் நாலு, இருந்தது. ஆலப்புழை அஞ்சு, இருந்தது. மட்டாஞ்சேரி ரெண்டு, இருந்தது. "திருநெல்வேலி, மூணு பேர்!" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். இல்லை. விசிலை ஊதினார். "திருநெல்வேலி பார்ட்டி எவிடெப் போயி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாவம், புது ஊரு. வழி தப்பிருப்பாக" என்று சொல்லி என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கைடோடு கிளம்பினார். வலைக்காரர்களுக்கு நடுவே, மீன் விற்கிறவர்களுக்கு நடுவே, "திருநெல்வேலி! ஏ திருநெல்வேலி!" என்று அவர் கத்திக்கொண்டு போனது எங்கள் வரைக்கும் கேட்டது. கால்மணி நேரம் போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. படகில் ஏறமுடியாமல் எல்லாரும் முணுமுணுத்தார்கள். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"இந்தத் திருநெல்வேலிக்காரங்களே இப்படித்தான் அக்கா. நேரம் காலம் ஒண்ணும் கிடையாது. ஒரு வரிசையில நிக்கத் தெரியுதா? எங்க எஸ்டேட்டா இருந்தா இன்னேரம் பேரை வெட்டியிருப்பாக!" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தாள். "ஏங்க, திருநெல்வேலின்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க?" என்றாள்.

தூக்கிவாரிப்போட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மறந்தே போய்விட்டிருந்தது. செல்வியைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, உனக்காவது தெரியாதா?" என்று சீறினேன்.

"முதல்லேயே தெரியும்மா. ஆனா அந்தப் பேருக்கு எனக்கு வாய் வரல" என்றாள். பிறகு வரிசையை விட்டு விலகி, கடற்கரைப் பக்கம் பார்த்து, மஸ்டரில் குரல் கொடுக்கிற மாதிரியே உரக்கக் கூப்பிட்டாள்: "பள்ளிவாசல், மூணு பேரு! எல்லாரும் இருக்கோம்! அப்பா, திரும்பி வாங்க!" கூப்பிட்டுவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பி, முந்தானைக்குள்ளிருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். "நான் கொழுந்துதான் எடுக்கேன் அத்தே. ரெண்டு வருசமாச்சு. தையல் தெரியாது" என்றாள்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அந்த அம்மா விரல்களைப் பார்த்தாள். தங்கராசு, "என் கைய விட இது சுத்தமா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறவன்போலச் சொன்னான். அவன் நகக்கண் முழுக்க கிரீஸ். மூச்சு வாங்க ஓடிவந்த என் வீட்டுக்காரர், "அங்க ஒருத்தரும் இல்ல" என்று மனம் வருந்திச் சொன்னார். அவருக்கு விஷயத்தை விளக்கப் படகு பாதி தூரம் போகவேண்டியிருந்தது.

திரும்பும்போது அந்த அம்மா எதிர்ப்பலகையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போல்காட்டித் தீவைப் பற்றி கைடு என்னென்னவோ சொன்னார், ஒன்றும் காதில் ஏறவில்லை. "பிள்ளை தைரியமா இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு. அவனுக்கும் பிடிச்சிருக்கு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணு. பத்திரிகையில பள்ளிவாசல்னு போடாதீங்க. உங்க சொந்த ஊரையே போடுங்க. எங்க சொந்தத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

நான் கேட்டதும் இதைத்தானே? காலையில் என் வாயே சொன்னதுதானே? சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவள்மேலா, என்மேலா, கம்பியில் எங்களைத் தாண்டிப் போன கரண்டின்மேலா! கல்யாணமாகி வந்தபிறகு நான் ஊருக்குப் போனது நாலு தடவை. போன தடவை என் அண்ணன் மகனே 'மலைக்கார அத்தை வந்திருக்கு' என்றுதான் உள்ளே போய்ச் சொன்னான். செல்விக்கு அந்த ஊரில் கிணறு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

படகுத்துறையில் இறங்கியதும் கைடு ஒரு தடித்த நோட்டை நீட்டினார். பயணம் எப்படி இருந்தது என்று எழுதி, கீழே பேரும் ஊரும் போட வேண்டுமாம். காணாமல் போன பார்ட்டியாயிற்றே, முதலில் எங்களிடம்தான் நீட்டினார். அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். 'படகில் இன்ஜின் சத்தம் அதிகம்' என்று எழுதினேன். பேரை எழுதினேன். ஊர் என்ற இடத்தில் கை தானாகத் திருநெல்வேலியை எழுத ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பள்ளிவாசல் என்று பெரிதாக எழுதினேன். "பத்திரிகையிலயும் இதுதான் அக்கா" என்றேன். அவள் "வாரோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். 'வந்த இடத்தைக் கெடுத்துட்டியே' என்று பஸ் மலையேறி முடிக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

பத்து நாள் கழித்துத் தங்கராசு கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருந்தான். தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பத்திரிகையை உங்கள் இஷ்டம்போல் அடியுங்கள், எங்கள் பத்திரிகையை எங்கள் இஷ்டம்போல் அடித்துக்கொள்கிறோம்.

அப்படியே நடந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இரண்டு பத்திரிகைகளும் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தன. மஞ்சள் தடவிய இரண்டு காகிதம், ஒரே மாப்பிள்ளை, ஒரே முகூர்த்தம். எங்களுடையதில் செல்வி பள்ளிவாசல்காரரின் மகள். அவர்களுடையதில் அவள் இதுவரை ஒரு ராத்திரிகூடத் தங்காத கரிசல் ஊர்க்காரரின் மகள். மறுநாள் விடியும் முன்னே செல்வி இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்த ரெண்டு பேருல யாருக்கு அவர் தாலி கட்டப் போறாரு?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் இரண்டு காகிதத்தையும் கையில் எடுக்கும்போதே வெளியே பனிக்குள்ளிருந்து காலை மஸ்டருக்கு விசில் கேட்டது. பத்திரிகைகளை அப்படியே பாயில் போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினோம்.