சாயபு காரணம் எழுதமாட்டார்

சாயபு போய்விட்டார் என்ற சேதி வெள்ளிக்கிழமை காலை திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் கிடைத்தது. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். வாய்தா வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இனி நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

ரஹ்மத்துல்லா சாயபுவை உங்களில் பலருக்குத் தெரியும். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம்; இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்களில், முதலாளிக்கும் கான்ட்ராக்டருக்கும் தகராறு என்றால் மத்தியஸ்தர் அவர்தான். இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்பார். தீர்ப்பு மட்டும் இரண்டே வரி. காரணம் எழுதவே மாட்டார். "எழுதினா அதுல ஓட்டை தேடுவீங்க வக்கீல் சார். எழுதாட்டி இன்னா பண்ணுவீங்க?" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மத்தியஸ்தர் காரணம் எழுதியே ஆகவேண்டும் என்று அன்றைய சட்டத்தில் இல்லை.

என் கட்சிக்காரர் நாயுடு, திருவாலங்காட்டுப் பூர்வீக நிலத்தை விற்று இரும்பு வார்க்கும் பட்டறை போட வந்தவர். ஷெட்டின் மேற்கு மூலையில் உலை வரவேண்டும். உலை இல்லாவிட்டால் பட்டறையே இல்லை. அந்த மூலையில் கடைக்கால் தோண்ட ஆட்கள் மாட்டேன் என்கிறார்கள் என்று கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். விஷயம் சாயபுவிடம் போனது.

இடத்தைப் பார்க்க வந்தார். நல்ல பட்டப்பகல். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "உங்க பேரு?" பிறகு மௌனம். "எவ்ளோ நாளா இங்க இருக்கீங்க?" மறுபடி மௌனம். சாட்சியை விசாரிக்கும் அதே நிதானம். பதில் எதுவும் எங்கள் காதில் விழவில்லை. நாயுடு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சாயபு வெளியே வந்ததும் நாங்கள் உள்ளே ஓடினோம். மூன்று பக்கமும் சுவர், வேறு வழி கிடையாது. ஈ காக்காய் இல்லை.

மேற்கு மூலையில் எதுவும் கட்டக் கூடாது, கான்ட்ராக்டர்மேல் குற்றமில்லை. தீர்ப்பு அவ்வளவுதான்.

விடுவேனா? ரத்து செய்யக் கோரி மனுப் போட்டேன். எங்களை வெளியே நிறுத்திவிட்டு ஒருவரை விசாரித்தது முறைகேடு என்று வாதாடினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "யாரை விசாரித்தார்? பேரைச் சொல்லுங்கள்" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? மத்தியஸ்தர் சொன்னது சரியா தப்பா என்று பார்ப்பது தன் வேலையல்ல, முறை தவறினாரா, எழுதியதில் வெளிப்படையான பிழை உண்டா, அதோடு சரி என்றார். காரணமே எழுதாத தீர்ப்பில் பிழையை எங்கே போய்த் தேடுவது? மனு தள்ளுபடி. நாயுடு கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். உலை வரவில்லை. ஷெட்டைக் கிடங்காக மாற்றிப் பிழைப்பை ஓட்டினார்.

அதன்பின் சாயபுவை எங்கே பார்த்தாலும், "உள்ளே யாரு பாய்?" என்று நச்சரிப்பேன். "ரெண்டு தரப்புதான்னு நீங்க நெனச்சிக்கினீங்க" என்றார் ஒருமுறை. அன்று அவர் சிரிக்கவில்லை.

அடக்கத்துக்கு நாயுடுவும் வந்திருந்தார். மண் போட்ட கையோடு என்னைத் தனியே இழுத்துப் போனார். "இன்னிக்கு விடியக்கால கிடங்கு தொறக்கப் போனேன் சார். சாயபு போயிட்ட சேதி அப்போ எனக்குத் தெரியாது. மேற்கு மூலைல அவர் குரல் கேட்டுச்சு."

"கேள்வி கேட்டுக்கினு இருந்தாரா?"

"இல்ல சார். பதில் சொல்லிக்கினு இருந்தாரு."

என்ன பதில் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷமாக நான் துரத்திய காரணம் அதுவாகத்தான் இருக்கும். நாயுடுவும் நான் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது. அன்று அவர் எங்களை நிற்கச் சொன்ன வாசலோடு நின்றுகொள்கிற அந்தப் பயம்தான் சாயபுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது.