லாரி ரசீதைக் காட்டுங்க, சாவி தாரேன்

கோயமுத்தூரிலிருந்து பரோடாவுக்கு வீடு மாற்றுவதைவிட, கோயமுத்தூரில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வீடு மாற்றுவதுதான் செலவு அதிகம். நம்பாதவர்கள் பொற்கொடியிடம் கேட்டுக்கொள்ளலாம். கணக்கு அவரிடம் கார்பன் காப்பியோடு இருக்கிறது.

பொற்கொடி ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். இடமாறுதலில் ஊர் மாறி வருகிறவர்கள், சாமான்களைக் கொண்டுவந்த செலவுக்கு பில் போடுவார்கள். அந்த பில்களில் எது நிஜம், எது கற்பனை என்று பார்ப்பது அவர் வேலை. பதினொரு வருஷமாக இதே நாற்காலி, இதே சிவப்பு மைப் பேனா. ஒருமுறை ஓர் அதிகாரி, ஜபல்பூரிலிருந்து தன் வீட்டுச் சாமான்கள் முழு லாரியில் வந்து சேர்ந்ததாக பில் கொடுத்தார். ரசீதிலிருந்த வண்டி எண்ணைப் பொற்கொடி போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். அது ஒரு மொபெட்டின் எண் என்று பதில் வந்தது. இரண்டு பீரோ, ஒரு தேக்குக் கட்டில், ஒரு தையல் மிஷின், அத்தனையும் மொபெட்டில் விந்திய மலையைத் தாண்டி வந்திருக்கின்றன. பில்லின் ஓரத்தில் பொற்கொடி எழுதினார்: "வண்டியின் திறமை பாராட்டத்தக்கது. தொகை நிராகரிக்கப்படுகிறது."

ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் போனால் அரசாங்கம் பணம் தரும். அதே ஊருக்குள் மாறினால் ஒரு பைசா கிடையாது. ஊருக்குள் வீடு மாறுகிறவன் ஆசைப்பட்டுத்தான் மாறுகிறான் என்பது விதியை எழுதியவர்களின் எண்ணம். அவர்கள் கோயமுத்தூரில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் இல்லை என்று தெரிகிறது.

எட்டு வருஷத்தில் பொற்கொடி நான்கு வீடுகளைக் காலி செய்தார். நான்கு இடத்திலும் மிக மரியாதையாகச் சொன்னார்கள். இந்த ஊரில் ஒருவரை வீட்டைவிட்டு அனுப்பும்போதுகூட ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைத்துத்தான் அனுப்புவார்கள். முதல் வீட்டுக்காரரின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வீட்டில் கூரை ஒழுகியது, கோடையில். மூன்றாவது வீட்டில் வாஸ்து சரியில்லை. நான்காவது வீட்டில் மறுபடியும் ஒரு பிரசவம்.

இவற்றுக்கெல்லாம் இரண்டு மாதம் முன்னால் ஒரு கேள்வி வந்திருக்கும். "ஏனுங்க அம்மணி, நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று குலத்தைக் கேட்பார்கள். அல்லது, "ஊருல உங்க ஊடு எந்தப் பக்கமுங்க?" பொற்கொடி பொய் சொன்னதில்லை. கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் தன் அப்பா கூலி வேலை செய்தார் என்றும், ஊரில் வீடு எந்தப் பக்கம் என்றும் உள்ளபடியே சொல்வார். அந்தப் பதிலுக்கும் பிறகு வந்த பிரசவங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க யாரிடமும் ஆதாரம் கிடையாது.

ஒவ்வொரு முறையும் டெம்போக்காரர் அரைக் கிலோமீட்டருக்கும் குறைந்தபட்ச வாடகையை முழுதாக வாங்கினார். ஏற்றி இறக்க நாலு பேர், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அட்வான்ஸில் வெள்ளையடிக்கப் பிடித்தம். முதல் வீட்டில் ஆணிக்கு ஐந்து ரூபாய் வீதம் பதினொரு ஆணிக்குப் பிடித்தார்கள். அதில் நாலு ஆணி அவர் குடிவரும் முன்பே சுவரில் இருந்தவை. அன்றிலிருந்து பொற்கொடி எந்தச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் எட்டு வருஷமாக பீரோவின் மேல் மல்லாந்து கிடந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பார்க்க வேண்டும்.

கணவர் தமிழ்ச்செல்வன் பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர். சாதுவான மனிதர். நான்கு முறை கட்டி அவிழ்த்ததில் கயிறு கட்டுவதில் மன்னனாகிவிட்டார். அட்டைப்பெட்டிகளை மடித்து பீரோவுக்குப் பின்னாலும், கயிற்றுச் சுருளைக் கட்டிலுக்கு அடியிலும் எப்போதும் தயாராக வைத்திருப்பார். மகள் இனியா எட்டு வருஷத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறியவள்.

1993-இல் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் பகுதி கிடைத்தது. வாடகை தொள்ளாயிரம். இனியாவின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அவள் பத்தாவது முடிக்கிறவரை இந்த வீட்டைவிட்டு நகர்வதில்லை என்று பொற்கொடி அன்றே முடிவு செய்தார். முன்பக்கத்தில் குடியிருந்த வீட்டுக்காரர் சென்னிமலை, பூ மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி விற்கிறவர். குடிவைத்த அன்றே, சுவரில் ஆணி அடித்தால் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்தம் என்று சொல்லிவிட்டார். கடையில் அதன் விலை நாலணாகூட இல்லை.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. 1994 ஜூன் மாதம் பொற்கொடியின் அப்பா சின்னான், பேத்தியைப் பார்க்க ஒரு பை தேங்காயோடு வந்தார். முன்வாசலில் சென்னிமலையின் மனைவி சாந்தாமணியின் உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் கிணத்துக்கடவுப் பக்கம்தான்.

"சின்னா, நீ எங்கடா இங்க?" என்றார் அவர். சின்னானுக்கு வயது எழுபது. கேட்டவருக்கு நாற்பது இருக்கும்.

சின்னானின் கை, பழைய பழக்கத்தில், தோளிலிருந்த துண்டை இறக்கிவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த பொற்கொடி அந்தத் துண்டை வாங்கி மறுபடியும் அப்பாவின் தோளிலேயே போட்டார். "உள்ள வாங்கப்பா, காப்பி ஆறுது" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாம் நாள் சென்னிமலை பின்பக்கம் வந்தார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். இனியா நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டார். மழை பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"என்ற பையன் கிருபா பரோடாவுல இருந்து குடும்பத்தோட இங்கயே வாரானுங்க. ஊடு வேணுமாமுங்க."

கூரை, வாஸ்து என்று எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார். வீட்டுச் சாமான்களோடு ஒருவர் ஊர் மாறி வருகிறார் என்று, போயும் போயும் பொற்கொடியிடம் சொல்லிவிட்டார்.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் பொற்கொடி. சாமான்கள் எப்படி வருகின்றன என்று விசாரித்தார். லாரியில்தான் என்றார் சென்னிமலை. முழு லாரியா, திரும்பி வருகிற லாரியில் பாதி இடமா? கம்பெனி மாற்றலா, வேலையை விட்டுவிட்டு வருகிறாரா? கோயமுத்தூரில் அந்தக் கம்பெனிக்குக் கிளை உண்டா? லாரி வாடகை யார் பொறுப்பு? சென்னிமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையனைக் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி ஒரு மதிப்பீடு தயாரித்து, கார்பன் காப்பி எடுத்துக்கொண்டு, அசலைச் சென்னிமலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இடப்பக்கம் பரோடா: லாரி ஏழாயிரத்து எண்ணூறு, கட்டுவதற்கும் ஏற்றி இறக்கவும் ஆயிரத்து இருநூறு, ஆக ஒன்பதாயிரம். கம்பெனி மாற்றியிருந்தால் கிருபா தம்பிக்குச் செலவு பூஜ்யம். வலப்பக்கம் பொற்கொடி மூன்று தெரு தள்ளிப் போகிற செலவு: டெம்போ நூற்றெண்பது, கூலி இருநூறு, புரோக்கர் தொள்ளாயிரம், வெள்ளையடிப்பு தொள்ளாயிரம், ஆணி இல்லை, ஆக இரண்டாயிரத்து நூற்றெண்பது. பணம் தருகிறவர்: யாருமில்லை. இதே செலவு ஏற்கெனவே நான்கு முறை ஆகியிருப்பதால் இதையும் சேர்த்து ஐந்தையும் கூட்டினால் பரோடாவைத் தாண்டிவிடுகிறது என்று ஒரு குறிப்பு. 'பள்ளிக்கூடம்' என்ற வரிக்கு எதிரே தொகை எழுதாமல் விட்டிருந்தார். கடைசியில்: "தம்பியின் சாமான்கள் லாரியில் வந்து இறங்கும் அன்று சாவி அவர் கையில் ஒப்படைக்கப்படும்."

வீட்டுக்குத் திரும்பினால் தமிழ்ச்செல்வன் கட்டிலுக்கு அடியிலிருந்து கயிற்றை எடுத்து வெளியே வைத்திருந்தார். எதற்கு வம்பு, போய்விடலாம் என்றார்.

"நீங்க வேணும்னா போங்க. நானும் கடியாரமும் இங்கதான் இருப்போம்."

அவர் கயிற்றைப் பழையபடி உள்ளே தள்ளினார்.

ஜூலையில் சென்னிமலை வாடகையை வாங்க மறுத்தார். வாங்கினால் குடியிருப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பொற்கொடி தொள்ளாயிரத்தை மணியார்டரில் அனுப்பினார். கமிஷன் நாற்பத்தைந்து ரூபாய், முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு உள்ள தூரம் நாற்பதடி. பணத்தை அவ்வளவு தூரம் நகர்த்துவதற்கே அடிக்கு ஒரு ரூபாய்க்கு மேல் ஆகிறது.

மணியார்டர் படிவத்தின் கீழே செய்தி எழுத இடமுண்டு. அதில் எழுதினார்: "தம்பியின் வருகைக்குக் காத்திருக்கிறோம்." தபால்காரர் பாலுசாமி கடமை தவறாதவர். செய்தியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார். சென்னிமலை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். ஆகஸ்டில் அடுத்தது வந்தது: "தம்பி கிளம்பிவிட்டாரா?" பாலுசாமி படித்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். செப்டம்பரில்: "வழியில் லாரிக்கு ஏதும் கோளாறா? கவலையாக இருக்கிறது." அந்த வாரத்துக்குள் தெருவே சென்னிமலையைப் பார்க்கும்போதெல்லாம் பையன் எப்போது வருகிறான் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. எல்லாம் மரியாதையாகத்தான். அக்டோபரில் பாலுசாமி கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் சென்னிமலை படிவத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டு வாடகையை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பதிலாகத் தண்ணீர் மோட்டார் பழுதானது. முன்பக்கத்துக்கு மட்டும் ஓடி, பின்பக்கத்துக்கு மட்டும் ஓடாத அபூர்வமான பழுது. மோட்டார் தெரிந்த தமிழ்ச்செல்வன், தான் பார்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்று நன்றி சொன்னார்கள். மூன்று மாதம் அவர் தெருக்குழாயில் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்தார். இனியா அரைப்பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள்.

தெருவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சென்னிமலை, பையனுக்கு அவசரக் கடிதம் எழுதினார் போலிருக்கிறது. 1995 பொங்கலுக்குக் கிருபாசங்கர் மனைவி புவனாவோடு வந்து இறங்கினார். மறுநாள் காலை சென்னிமலை இருவரையும் கையோடு கூட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அவர் முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம்.

"வந்துட்டானுங்க."

பொற்கொடி வாங்க என்றார், நாற்காலி போட்டார், பொங்கல் கொண்டுவந்து வைத்தார். பிறகு பீரோவைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தமிழ்ச்செல்வன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தனை உருப்படிங்க தம்பி?"

"ரெண்டு சூட்கேஸுங்க" என்றார் கிருபாசங்கர்.

"குடும்பத்தோட ஊடு மாறி வாரவரு ரெண்டு சூட்கேஸோட வரமாட்டாருங்க. லாரி ரசீதக் காட்டுங்க, சாவி தாரேன்."

கிருபாசங்கர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சன்னலுக்கு வெளியே தென்னைமரத்தைப் பார்த்தார். "நான் பத்து நாள் லீவுல வந்திருக்கேனுங்க. பரோடாவுலயே இப்பத்தான் ஊடு கிடைச்சுது. அத விட்டுப்போட்டு யாருங்க வருவா?"

அப்போதுதான் புவனா வாயைத் திறந்தார். அவருக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. பரோடாவில் மூன்று வருஷத்தில் நான்கு வீடு மாறிய அலுப்பு மட்டும்தான் இருந்தது. "அத ஏன் கேக்கறீங்கக்கா. முட்ட வாங்கிட்டு வாரதச் சைவ ஊட்டுக்காரங்க பாத்துட்டாங்கன்னா அவ்வளவுதான். அடுத்த வாரமே காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க."

"நம்மளையா?" என்றார் சென்னிமலை. குரலில் நிஜமான அதிர்ச்சி இருந்தது. "நம்மளையா சொன்னாங்க?"

"என்ன காரணம் சொன்னாங்க அம்மணி?" என்று கேட்டார் பொற்கொடி.

"முட்டையின்னு சொல்லவே மாட்டாங்கக்கா. ரொம்ப மரியாதையா, எங்க பையன் ஊர்ல இருந்து வாரான்னு சொல்லுவாங்க."

பொற்கொடி சாவியை எடுத்து மறுபடியும் பீரோவுக்குள் வைத்தார். புவனாவுக்கு இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தார்.

இதன் பிறகு சென்னிமலை மனம் திருந்தினார் என்று எழுதி முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி ஆதாரமில்லாமல் அப்படியெல்லாம் எழுதக்கூடாது. அவருக்கு இருந்தது ஒரே பையன். அவனும் வந்துவிட்டுப் போய்விட்டான். இனிமேல் வரச்சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் மகனையும் மருமகளையும் ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மோட்டார் தானாகச் சரியாகிவிட்டது.

அதற்கடுத்த சனிக்கிழமை பொற்கொடி அலுவலகம் விட்டு வரும் வழியில் பூ மார்க்கெட் பக்கம் இறங்கினார். சென்னிமலையின் கடையில், கல்லாவில் அவரே உட்கார்ந்திருக்க, கால் கிலோ ஆணி வாங்கினார். இரண்டு அங்குலம். பில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை தமிழ்ச்செல்வன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து ஓர் இடம் சொன்னார். இனியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பொற்கொடி ஏறி நின்று சுத்தியலை ஓங்கினார். காரை பெயர்ந்து தரையில் விழுந்தது. எட்டு வருஷம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த கடிகாரம் எழுந்து நின்று வீட்டைப் பார்த்தது.

முன்பக்கத்துக்குச் சத்தம் போயிருக்க வேண்டும். சென்னிமலை கொல்லைப்பக்கம் வந்து சன்னலோரம் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, என்ன சத்தமுங்க?"

"ஆணிங்க."

சென்னிமலை சன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, "எத்தனைங்க?" என்றார்.

பொற்கொடி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒண்ணுங்க."