ஆள் நடமாட்டம் இல்லாத சரிவு

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் செங்கம் ரோட்டில் ஒரு சிறிய அறக்கட்டளையில் டைப்பிஸ்டாக இருந்தேன். மலைச் சரிவு ஒன்றுக்கு வேலி போட்டு மரம் வளர்ப்பது அவர்கள் வேலை. உதவி வெளிநாட்டிலிருந்து வந்தது. உலக நாடுகள் கூடி, ஒவ்வொரு நாடும் தன் நிலத்திலும் கடலிலும் ஒரு பங்கை உயிரினங்களுக்கென்று காப்பாற்ற வேண்டுமென முடிவெடுத்திருக்கின்றன, நம் சரிவும் அதில் ஒரு துளி என்பார் மேலாளர். கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். கடலையே நேரில் பார்க்காதவள் நான், 'கடல்வாழ் உயிரினங்கள்' என்று பிழையில்லாமல் டைப் அடிப்பேன்.

ஒரு படிவத்தில், அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சரிவை ஒட்டிய ஊரான அடி அண்ணாமலைக்காரி நான் என்பதால் மேலாளர் என்னிடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் யாராவது போறாங்களாம்மா?"

என் சித்தி தினமும் போனாள். சித்தப்பா செத்த பிறகு இரண்டு பசுக்களை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். பசுக்களுக்குப் புல் அந்தச் சரிவில் இருந்தது. ஆனால் எங்களுக்கு நஞ்சை நிலம் இருப்பதாக நான் அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தேன். புல் அறுக்கும் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடுமே என்று கூசியது.

"யாரும் போறதில்ல சார்," என்றேன். 'ஆள் நடமாட்டம் இல்லை' என்று நானே டைப் அடித்தேன்.

வேலி வந்தது. சித்தி அதன் அடியில் புகுந்து போனாள். கோடையில் ஒருநாள் காவலாளி அவளைப் பிடித்து, புல்கட்டோடு அலுவலகத்துக்கு இழுத்து வந்துவிட்டான். அன்று வெளிநாட்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். நாங்கள் எப்படிக் காவல் காக்கிறோம் என்று அவர்கள் பார்க்கட்டும் என்று, கட்டைத் தலையிலிருந்து இறக்காமல் அவளை வாசலில் நிறுத்தினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா மட்டும் மனம் பொறுக்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கைகள் இரண்டும் கட்டைப் பிடித்திருந்ததால் சித்தியால் வாங்க முடியவில்லை.

"உங்க ஊரு பொம்பளையாம்மா?" என்றார் மேலாளர் என்னிடம்.

சித்தி என்னைப் பார்த்தாள். எனக்குத் தலைவாரிப் பின்னி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்.

"தெரியல சார்."

"ஆமாங்க, அவங்களுக்கு என்னைத் தெரியாதுங்க," என்றாள் சித்தி உடனே. "நான் வெளியூருங்க."

ஒரு மாதத்தில் பசுக்களை விற்றுவிட்டாள். மழைக்காலம் முடிந்ததும் தானாகவே அலுவலகத்துக்கு வந்து மேலாளர் முன் நின்றாள்.

"நான் அடி அண்ணாமலைதாங்க. அன்னிக்குப் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். யாரு எந்த வழியா உள்ள வராங்கன்னு எனக்குத்தான் தெரியும். காவல் வேல குடுங்க."

கொடுத்தார்கள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டாள். அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் என்னை "மேடம்" என்று கூப்பிட்டாள். கூப்பிடும்போது அவள் முகத்தில் ஒன்றும் இருக்காது.

அவளைப் போல் காவல் காத்தவர் எவருமில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, சித்திக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள், ஒருநாள் அகப்பட்டாள். செடிகளை எண்ணிக் குறிப்பெடுக்க நானும் அன்று சரிவில் இருந்தேன்.

"யக்கா, மாடு பட்டினி கெடக்குதுக்கா. இன்னிக்கு ஒருநாள் வுட்டுடுக்கா."

"எம் மாடு பட்டினி கெடந்தப்ப நீ ஒரு புடி புல்லு குடுத்தியாடி?"

அரிவாளைப் பிடுங்கி வேலிக்கல்லில் அடித்து அடித்து வளைத்தாள். கட்டை அவிழ்த்துப் புல்லை முள்ளில் உதறினாள். அதையாவது அள்ளிக்கொள்ளலாமா என்று அந்தப் பெண் குனிந்தபோது, சித்தி அவள் கையை மிதித்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருட அறிக்கையில் 'ஊர்ப் பெண்களின் பங்கேற்பு' என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே சித்தியைப் பற்றி எழுதினேன். வெளிநாட்டிலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள்.

சரிவு நிஜமாகவே பச்சையானது. வருடாவருடம் தீப்பிடித்துக் கருகிய இடத்தில் மரங்கள் நிழல் கொடுத்தன, பெயர் தெரியாத பறவைகள் வந்தன. அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

என் கல்யாணத்துக்கு சித்தியும் வந்தாள். பந்தியில் அவள் போய் உட்கார்ந்ததும் அந்த வரிசையிலிருந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். இலை போட்ட வரிசையில் அவள் மட்டும் இருந்தாள்.

"நீ போயி பக்கத்துல நின்னு ஒரு வார்த்த பேசுடி. உனக்கு எவ்ளோ செஞ்சவ," என்றாள் அம்மா.

"போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்கம்மா," என்றேன். யாரும் கூப்பிடவில்லை.

சித்தி நிதானமாகச் சாப்பிட்டாள். பாயசம் கொண்டு வந்தவனைக் கைகாட்டி அழைத்தாள். அவன் அவளைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.