வெள்ளைக் காய் யாருக்கு

எங்கள் கம்பெனியில் காற்று வந்த இடம் ஒன்றுதான். லாரியில் பெட்டி ஏற்றுவதற்காக வைத்திருந்த ஷட்டர் வாசல். மற்ற இடமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ட்யூப் லைட், பஞ்சுத் தூசி. மின்விசிறி ஓடும்வரை எப்படியோ சமாளிக்கலாம். நான் திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனி டெய்லராக இருந்த அந்த வருஷங்களில், இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில், மத்தியானமானால் மின்விசிறி ஓடாது. கரண்ட் கட். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அவசர ஆர்டர் என்றால்தான் அதற்கு டீசல் ஊற்றுவார்கள்.

கரண்ட் போனதும் ஆண்கள் எல்லோரும் எழுந்து ஷட்டர் வாசலுக்குப் போய்விடுவார்கள். கட்டிங் மாஸ்டர், அயர்ன் போடுகிறவர்கள், பேக்கிங்காரர்கள், ஆண் டெய்லர்கள். அங்கே இரண்டு பெஞ்சும் ஒரு மேஜையும், மேஜைமேல் ஒரு செஸ் பலகையும் இருந்தன. பெண்கள் நாங்கள் மிஷினை விட்டு எழுந்திருக்காமல், தைத்து முடித்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருப்போம். அப்படி யாரும் உத்தரவு போட்டதாக நினைவில்லை. அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. துணியில் வேர்வை படக்கூடாது என்று சூப்பர்வைசர் மட்டும் கத்துவார். வேர்க்காமல் இருக்க என்ன செய்வது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எனக்கு வாய் நீளம் என்று ஊரிலேயே பெயர். ஒருநாள் கத்தரியை மிஷின்மேல் வைத்துவிட்டு எழுந்தேன். நேராக ஷட்டர் வாசலுக்குப் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கட்டிங் மாஸ்டர் சேவூர்க்காரர். மரியாதை இல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"ஏனுங்க அம்மிணி, ஏதாச்சும் வேணுங்களா?"

"காத்து வேணும் மாஸ்டர்."

"அது செரிங்க. ஆனா இங்க ஆம்பளைங்களா உக்காந்திருக்கறமுங்க. ஒருத்தரு மாதிரி ஒருத்தரு இருக்க மாட்டாங்க. நீங்க உள்ளாரயே இருந்துக்குங்க. அதான் உங்களுக்கு நல்லதுங்க."

ஒருத்தியை இத்தனை மரியாதையாக எழுப்பிவிட முடியும் என்பதைத் திருப்பூர் வந்துதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் "ஏட்டி, எந்திரி" என்பார்கள். பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை கேட்டு வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ளலாம். இவரிடம் கோபப்படக்கூட இடம் கிடைக்கவில்லை. கண் பலகைமேல் போயிற்று.

"செஸ் ஆடுறவங்க உக்காரலாம்லா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். செஸ் எனக்கு அண்ணனோடு ஆடிப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் ஜெயித்து ஒரு எவர்சில்வர் தட்டும் வாங்கியிருந்தேன். அதைச் சொன்னதும் மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆட்டம் என்றால் அவருக்கு உயிர்.

"அப்ப நாளைக்கு ஆடுவோமுங்க. என்னைய ஜெயிச்சுப்போட்டீங்கன்னா தாராளமா உக்காந்துக்குங்க. நீங்க மட்டுமில்லீங்க, லேடீஸ் அத்தனை பேரும் வந்து உக்காந்துக்குங்க."

"தோத்தா?"

"தோத்தா உள்ளார போயி உக்காந்துக்குங்க. அவ்வளவுதானுங்க."

நான் சரி என்றேன். எனக்கு அது நியாயமான பந்தயமாகவே பட்டது.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் எங்கள் வரிசையில் ஒரே குதூகலம். நான் மட்டும் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. என் மிஷினிலிருந்து பார்த்தால் ஷட்டர் வாசல் தெரியும். மாஸ்டர் ஆடுவதை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தின் தொடக்கம் அவருக்கு மனப்பாடம். யோசிக்கவே மாட்டார், கை தானாகப் போகும். எதிரே இருப்பவர் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். இதை நான் செக்கிங் டேபிள் அக்காவிடம் சொன்னேன். அவர் இந்தப் பக்கத்துக்காரர், மாஸ்டரைவிட மூத்தவர். பெண்களிடையே மாதாமாதம் குலுக்கல் சீட்டு நடத்துகிறவர். செஸ் காயைக் கையால் தொட்டதில்லை.

"அதென்ன கண்ணு, எப்பப் பாத்தாலும் ஒரே வரிசைல நிக்கோணும்?" என்றார். "சீட்டுக் குலுக்கற மாதிரி குலுக்கிப் போடுங்க. எது எங்க உளுகுதோ அங்க நிக்கட்டும். அவுருக்கும் புதுசு, உனக்கும் புதுசு."

உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் இப்படிக் காய்களைக் கலைத்து வைத்து ஆடுகிறார்கள் என்று பிற்பாடு ஒரு பேப்பரில் படித்தேன். அதற்கு ஒரு பெயரும், கண்டுபிடித்தவர் ஒருவரும் உண்டாம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கம்பெனியில் கண்டுபிடித்தது செக்கிங் அக்காதான்.

மாஸ்டர் மறுப்பே சொல்லவில்லை. எப்படி வைத்தாலும் ஜெயிக்கலாம் என்ற தைரியம். மறுநாள் கரண்ட் போனதும் அக்கா ஒரு டம்ளரோடு வந்தார். வீணாய்ப் போன லேபிள்களின் பின்பக்கம் ராஜா, ராணி, யானை, குதிரை, மந்திரி என்று எழுதிச் சுருட்டிப் போட்டிருந்தோம். முன்வரிசைச் சிப்பாய்கள் எப்போதும்போல நிற்கும். பின்வரிசை மட்டும் சீட்டில் வருகிறபடி. ஒரே குலுக்கல்தான் இருவருக்கும், அதனால் என் வரிசையும் அவர் வரிசையும் ஒன்றுக்கொன்று எதிராக ஒரே மாதிரி இருக்கும். இதைவிட நியாயம் உண்டா என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சீட்டு விழுந்த விதம் கோரம். குறுக்காக ஓடுகிற மந்திரிகள் இரண்டும் ஒரு கோடியில் ஒட்டி நின்றன. குதிரைகள் இரண்டும் மறுகோடியில். குதிரைக்குத் தன் முன்னால் நிற்கிற சிப்பாயைக் காக்கத் தெரியாது. மூலைக் குதிரையின் முன் நின்ற என் சிப்பாய்க்கு நாதியே இல்லை. வழக்கமான வரிசையில் இப்படி அநாதையாக ஒரு சிப்பாயும் நிற்காது. மாஸ்டர் ஒரே ஒரு சிப்பாயை நகர்த்தினால் போதும், அவருடைய மந்திரிக்குக் குறுக்குப் பாதை திறந்து, நேராக என் அநாதைச் சிப்பாயின் கழுத்தில் வந்து நிற்கும். அவருடைய மூலையிலும் அதேபோல ஓர் அநாதை உண்டு. ஆனால் முதலில் நகர்த்துவது அவர்.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். தலையைச் சொறிந்தார்.

"இது வேண்டாமுங்க அம்மிணி. உங்களுக்கு ஆரம்பத்துலயே அடியாப் போகுது, பாவம். இன்னொருக்கா குலுக்கிக்கலாமுங்க."

அந்தப் 'பாவம்' எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் மழை பொய்த்த ஊரில் பிறந்தவளுக்கு யாரும் வந்து இன்னொரு தடவை குலுக்கித் தரவில்லை. பத்தாவது முடித்ததும் என்னைப் பனியன் கம்பெனிக்கு வண்டி ஏற்றியபோதும் யாரும் தரவில்லை. இங்கே இவர் கருணையில் ஒன்றை வாங்கி, அதை வைத்து ஜெயித்து, அந்த பெஞ்சில் உட்கார வேண்டுமா?

"விழுந்தது விழுந்ததுதான். நீங்க ஆடுங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் சிப்பாயை நகர்த்தி மந்திரிக்கு வழி திறந்தார். அநாதையைக் காப்பாற்ற ஏதாவது செய்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, நடுவில் என் சிப்பாயை ஏற்றினேன். அவர் வெட்டினார். நான் குதிரையை வெளியே இறக்கி அந்த மந்திரியை விரட்டினேன். மந்திரி வந்த வழியே திரும்பி ஓடியது. ஒரு சிப்பாயைத் தின்பதற்கு அவர் ஒரே காயை அங்குமிங்கும் அலைய வைத்திருந்தார். அதற்குள் நடுப்பலகை என்னுடையதாகிவிட்டது.

விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்ப்பார்கள். அவர்கள் சொல்கிற விட்டுக்கொடுத்தல் வேறு. கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், முகமும் சிரித்தபடி இருக்க வேண்டும். நான் அன்றைக்குக் கொடுத்தது பிடுங்குவதற்காக. கொஞ்ச நேரத்தில் யானையையும் கொடுத்தேன், அதைவிட மதிப்புக் குறைந்த அவருடைய குதிரைக்குப் பதிலாக. சுற்றி நின்ற ஆண்கள் உச்சுக்கொட்டினார்கள். மாஸ்டர் உச்சுக்கொட்டவில்லை. தன் ராஜாவுக்கு முன்னால் கதவு திறந்து கிடப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். காற்று வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வேர்த்தது.

கரண்ட் வந்துவிட்டது. பலகையைக் காய் கலையாமல் தூக்கி அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் வைத்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் இறக்கினார்கள்.

அடுத்த நாள் நான் தோற்றேன்.

மாஸ்டர் என் ஒவ்வொரு அடியையும் தாங்கினார். ராணிக்கு ராணி வெட்டினார். நான் அவர் ராஜாவைப் பலகை முழுக்கத் துரத்தினேன், பிடிக்க முடியவில்லை. காய்கள் குறைந்தபின் கணக்குத் தெளிந்தது. என் அநாதைச் சிப்பாய் வெட்டுப்பட்ட வரிசையில் அவருடைய சிப்பாய்க்கு எதிரே நிற்க ஆளில்லை. அது ஒவ்வொரு கட்டமாக ஏறிக் கடைசிக்குப் போய் ராணியாகிவிட்டது. நான் என் ராஜாவைப் படுக்க வைத்தேன். மாஸ்டர் எழுந்து நின்று கைகூப்பினார். "இப்படி ஒரு ஆட்டம் நான் ஆடுனதில்லீங்க அம்மிணி" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய் உட்கார்ந்து பிசிறு வெட்டினேன்.

சாயங்காலம் ரூமுக்கு நடந்து போகையில் ஆட்டத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஆடினேன். சிப்பாயைக் கொடுத்தது தப்பில்லை. காப்பாற்ற உட்கார்ந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக, இன்னும் கேவலமாகச் செத்திருப்பேன். அப்படியானால் தப்பு எங்கே? அதே வரிசையில் நான் முதலில் நகர்த்தியிருந்தால் அவருடைய அநாதைச் சிப்பாயை நான் தின்றிருப்பேன். முதல் நகர்த்தல் வெள்ளைக் காய்க்கு. வெள்ளை மாஸ்டருக்கு. ஏன் மாஸ்டருக்கு? அவர் எப்போதும் உட்காருகிற இடம் வெள்ளைப் பக்கம். ராஜாவைக் குலுக்கினோம், ராணியைக் குலுக்கினோம், வெள்ளை யாருக்கு என்று குலுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். வெள்ளையை விடு, அந்த பெஞ்சு? அதை யார் குலுக்கினார்கள்? மாஸ்டர் போன வாரம் அயர்ன்காரரிடம் தோற்றார். அயர்ன்காரர் பேக்கிங்காரரிடம் தினமும் தோற்கிறார். தோற்றவர்களில் ஒருவராவது எழுந்து உள்ளே போனாரா? அங்கேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள். ஜெயித்தால்தான் உட்காரலாம் என்ற சட்டம் எங்களுக்கு மட்டும். அதற்கு நானும் நியாயம் என்று தலையாட்டியிருந்தேன்.

மறுநாள் கரண்ட் போனது. நான் எழுந்தேன். அக்காவைப் பார்த்தேன், அவரும் எழுந்தார். எங்கள் வரிசையில் இன்னும் சிலர் எழுந்தார்கள். போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அம்மிணி," மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "நேத்து நீங்க தோத்துப்போட்டீங்களே."

"ஆமா மாஸ்டர், தோத்தேன். இல்லன்னு சொல்லலையே. போன வாரம் அயர்ன் அண்ணன்கிட்ட நீங்களும்தான் தோத்தீங்க. எந்திரிச்சா போனீங்க?"

அவர் அயர்ன்காரரைப் பார்த்தார். அயர்ன்காரர் ஷட்டருக்கு வெளியே எதையோ பார்த்தார்.

"அப்ப பந்தயமுங்க?"

"பந்தயம் நான் கட்டியிருக்கவே கூடாது. உங்க ஆட்டத்துக்கு நான் என்னைக்கும் வாரேன். உக்காருறதுக்கு நாங்க எதுக்கு மாஸ்டர் ஜெயிக்கணும்?"

பின்னால் நின்ற செக்கிங் அக்கா முன்னே வந்தார். அவரும் சேவூர்ப் பக்கம்தான், மாஸ்டருக்குக் கொஞ்சமும் குறையாத மரியாதைக்காரர்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சாமி" என்றார்.

மாஸ்டர் தள்ளி உட்கார்ந்தார்.