காமாலை ரத்தத்தின் நீலம்

ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு, ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். மலேரியாவுக்கு ரத்தம் பார்ப்பதும் கொக்கிப்புழுவுக்கு மலம் பார்ப்பதும்தான் அதுவரை என் வேலை. லீவில் சீமைக்குப் போய்த் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் துரை புதிதாக ஒரு சோதனை கற்று வந்தார். ரத்தத்தில் ஒரு நொதி உண்டு. ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டால் அது பல மடங்கு பெருகும். ஈரலே கெட்டு வரும் காமாலையில் அவ்வளவு பெருகாது. அடைப்பு என்றால் கத்தி வைத்துப் பார்க்கலாம். ஈரல் கெட்டவனுக்குக் கத்தி வைத்தால் அதிலேயே போய்விடுவான்.

ரத்தத்தின் தெளிநீரை ஒரு கரைசலோடு கலந்து, உடம்புச் சூட்டிலுள்ள வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். பிறகு வேறு மருந்துகள் சேர்த்தால் நீலம் பிறக்கும். நொதி கூடினால் நீலமும் கூடும். நோயில்லாதவன் ரத்தமும் பக்கத்தில் வேண்டும் என்று என் ரத்தத்தையே எடுத்துக்கொண்டோம்.

முதல் நோயாளி லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். கண், நகம், நாக்கின் அடி எல்லாம் மஞ்சள். அரிப்பு தாங்காமல் சொறிந்து சொறிந்து கைகால் முழுக்கப் புண். மனைவிதான் ரயிலில் கூட்டி வந்திருந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் கொடுத்தனுப்பிய கடிதத்தில் ஒரே வரி: கள்ளுக் குடியால் ஈரல் கெட்டிருக்கிறது.

"அவரு கள்ளுக்கடைப் பக்கம் போனதே இல்லீங்க" என்றார் அந்த அம்மாள். "சொன்னா யாரும் நம்பல. லயத்து வீடுகள்ல எம்மவளப் பாத்து குடிகாரன் மவளுன்னு சொல்றாங்க."

முதல் தடவை நான் கெடுத்தேன். இன்னொரு வேலையாக அடுத்த அறைக்குப் போன நேரத்தில் தொட்டிக்கு அடியிலிருந்த விளக்கின் திரி எரிந்து ஏறி, சூடு பல டிகிரி கூடிவிட்டது. சூடு கூடினாலும் நீலம் கூடும்; இரண்டு ரத்தத்திலுமே நீலம் அடர்த்தியாகத்தான் வந்தது. ஆனால் அது நோயா, என் விளக்கா? சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மறுபடி செய் என்றார்.

ஊசியோடு திரும்பப் போனபோது அந்த அம்மாள் மறித்தார். "காலையிலதானே எடுத்தீங்க? இன்னும் எவ்வளவு எடுப்பீங்க?"

"என் தப்புக்கா. சூடு கூடிப்போச்சு."

கட்டிலில் கிடந்தவர் தானாகவே கையை நீட்டினார். "எடுத்துக்கட்டும் விடு. வெட்டுனா பால் எறங்கத்தானே செய்யும்."

இந்த முறை அரைமணி நேரமும் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு கண்ணாடிக் குழாய்களும் தாங்கியில் நின்றன. ஒன்றில் வெளுத்த நீலம், மற்றதில் மை போன்ற நீலம்.

"எது தம்பி அவரோடது?"

"கருநீலமா இருக்கே, அது. வெளுத்தது என்னோடது."

அவர் முகம் மலர்ந்தது. "உங்களோடத விட நல்லா இருக்கே!"

"இல்லக்கா. அது கூடக்கூட, உள்ள வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம்."

குழாய்களை மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப குடியில்லையே?" என்று கேட்டார்.

"குடியில வர்றது மாதிரி தெரியலக்கா."

கல்லாக இருக்கலாம், எடுத்துவிடலாம் என்று துரை சொன்னார். எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க முடியாது. என் கையால் செய்த சோதனை ஓர் ஆளைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தேன். வயிற்றைத் திறந்தபோது கல் இல்லை. கணையத்தில் முற்றிய கட்டி ஒன்று குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. அப்படியே தைத்து மூடினார்கள். காமாலைக்காரர்களின் ரத்தம் எளிதில் உறையாது. அதற்கு எங்களிடம் அப்போது மருந்தில்லை. தையலிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டார்.

"அந்த நீலம் கட்டின்னு சொல்லலையா தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அடைச்சிருக்குன்னு மட்டும்தான்கா சொல்லும். எது அடைச்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது."

அவர் அழவில்லை. சாவுக்குக் காரணம் கட்டிதான் என்று எழுதித் தரச் சொன்னார். துரை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரி ஆட்கள்தான் புதைத்தார்கள். அந்த அம்மாள் காகிதத்தோடு தனியாக ரயிலேறினார்.

நாலைந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். காகிதத்தைத் தோட்ட ஆபீசில் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்களாம். திருப்பிக் கேட்டால் அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி தரவில்லையாம். இன்னொன்று வேண்டும் என்றார். துரையோ மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், முன்னவர் கேஸுக்கு நான் எழுத முடியாது என்றுவிட்டார்.

"இங்கிலீசு வேண்டாம் தம்பி" என்றார் அந்த அம்மாள். "ஆபீசுக்கு இல்ல. லயத்துல படிச்சுக் காட்டணும். எம்மவளுக்கு ஒரு எடம் பேசுறாங்க."

பதிவேட்டை எடுத்துப் பார்த்து, ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். ரத்தச் சோதனையில் தெரிந்தது பித்தக்குழாய் அடைப்பு. அறுத்துப் பார்த்ததில் கண்டது கட்டி. ஈரல் குடியால் கெட்டதாக எங்கும் குறிக்கப்படவில்லை. கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் கிடையாது. போட்டேன். ஆஸ்பத்திரி முத்திரையையும் குத்தினேன்.

"ஒரு தரம் படிங்க" என்றார். படித்தேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.