தொடாத தொண்ணூற்றாறு

உச்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டரின் உச்சிக்குத் தினமும் காலையில் ஏறி இறங்குகிற ஒரே ஆள் என்பதால், வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதமே ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருடத்தில் அது எவ்வளவு தூரம் முற்றிவிட்டது என்றால், அடையாள அட்டையில் இருக்கும் அசல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலை கேட்பதற்குச் சின்னதுதான். தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை நட்டுகள். ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் நட்டின் மீதும் அடியில் உள்ள தகட்டின் மீதும் சேர்ந்தாற்போல் ஒரு மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். நட்டு இம்மியளவு சுற்றினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். காலையில் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, கோட்டைப் பார்த்து, எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் அன்றைய முதல் வண்டியின் முதல் இருக்கையில் தனியாக உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அதற்கப்புறம்தான் ஜனங்களுக்குக் கதவு திறக்கும். இந்த விதியை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட மீறியதில்லை.

பழைய தண்டவாளம் முப்பது மீட்டர். நூற்று அறுபத்தைந்து படி. உச்சியார் எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, இயக்கும் அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பார். உள்ளே பச்சைப் பொத்தானை அமுக்குகிற பெண்ணை அவர் தங்கச்சி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் முதல் சுற்று முடித்து இறங்கிக் கட்டைவிரலைக் காட்டினால்தான் அவள் கை பொத்தானுக்குப் போகும். மற்றவர்கள் யார் என்ன கத்தினாலும் சரி, காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் கூட்டம் ஒன்று போட்டார்கள். பழைய தண்டவாளத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று மேனேஜர் கேட்டார். வடிவமைக்க வந்திருந்த பொறியாளர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் கறார்.

“இரும்பைக் கேட்டா இன்னும் எவ்வளவு வேணும்னாலும் தாங்கும்,” என்றார் அவர். “மனுஷ உடம்புதான் தாங்காது. மேலேருந்து வர்ற வேகத்துல கீழ சட்டுனு திருப்பினா மயக்கம் போட்டுடுவாங்க. பள்ளத்தை நீளமா இழுத்துட்டா அதுவும் சரியாயிடும். அதனால உயரத்துக்கு எல்லை இல்ல சார், இடத்துக்குத்தான் எல்லை.”

“அப்போ நூத்திப் பத்து மீட்டர்!” என்று மேஜையைத் தட்டிய மேனேஜர், கடைசி நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “என்ன உச்சியண்ணே, ஏறிடுவீங்களா?”

உச்சியாருக்கு அப்போது மனதில் வந்த பதில் வேறு. விடியற்காலை ஆரம்பித்து, கதவு திறப்பதற்குள் ஒரு மனிதன் எல்லா நட்டையும் தொட்டுவிட்டு இறங்க முடிகிற உயரம் எதுவோ, அதுதான் சரியான உயரம். ஐம்பது, மிஞ்சினால் அறுபது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், பெயரோ உச்சி. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

“ஏன் முடியாது? நூத்தம்பது கட்டுங்களேன், அதுலயும் ஏறுறேன்,” என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடமும் பீற்றிக்கொண்டார். அவள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பவள். பவரில் கால் புள்ளி பிசகினாலும் ஆளுக்குத் தலைவலி வரும் என்று ஒரு லென்ஸை மூன்று தரம் பார்க்கிறவள். “போன வருஷம் கட்டில்லேருந்து எழுந்திரிக்கவே முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஐயோன்னீங்களே,” என்று மட்டும் சொன்னாள்.

கட்டினார்கள். அறுநூற்றுப் பத்துப் படி. நாலரைக்கு ஆரம்பித்தால்தான் ஒன்பதரைக்கு முடியும். முதல் மாதம் வீம்பில் ஓடியது. இரண்டாவது மாதம் வலது முட்டி வீங்கியது. இன்னொரு ஆள் கேட்கலாம் என்று மேனேஜர் அறை வாசல்வரை இரண்டு முறை போனார், இரண்டு முறையும் நூத்தம்பது கட்டுங்களேன் என்ற தன் குரலே காதில் கேட்டது. திரும்பி வந்துவிட்டார்.

நாலாவது மாதம் வெயிலில் கோடுகள் வெளுத்துப்போயின. எல்லாவற்றையும் புதிதாகப் போட உத்தரவு வந்தது. ஸ்பேனர் முதலில், கோடு பிறகு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கற்றுக்கொண்ட பாடம் அது. கீழிருந்து ஒழுங்காகவே போட்டுக்கொண்டு வந்தார். உச்சியில் மட்டும் தொண்ணூற்றாறு நட்டு மிச்சமிருந்தது. அவற்றுக்காக ஏறிய செவ்வாய்க்கிழமை மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஐந்நூற்று எழுபதாவது படியில் முட்டி மடங்கிவிட்டது. மீதியைத் தவழ்ந்து ஏறினார். மணி எட்டே முக்கால். இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் மேனேஜர், “ஆச்சா? வாசல்ல ஜனம் நெருக்குது,” என்றார். ஒரு நட்டுக்கு ஸ்பேனர் போட ஒரு நிமிடம். கோடு மட்டும் இழுக்க மூன்று விநாடி.

தொண்ணூற்றாறுக்கும் கோடு மட்டும் இழுத்தார். ஸ்பேனர் பையிலேயே இருந்தது. நாளைக்கு வந்து போட்டுவிடலாம் என்று நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பாதி உயரம் வரைதான் முடிந்தது. அங்கே நின்று தொலைநோக்கியால் உச்சியைப் பார்த்தார். கோடெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இருக்காதா பின்னே? நேற்று போட்ட பெயிண்ட். நட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தளர்ந்த நட்டின் மேல் நேர்க்கோடு. யாரை ஏமாற்றுகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. காகிதத்தில் ‘உச்சி 96, சரி’ என்று எழுதினார். முதல் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி உச்சியைக் கடந்த அந்த இரண்டு விநாடி மூச்சு நின்றுபோனது. கீழே வந்து கட்டைவிரலைக் காட்டினார்.

அப்படிப் பத்தொன்பது நாள்.

தினமும் காலையில் இன்றைக்கு ஏறிவிடுவது என்று கிளம்புவார். தினமும் முந்நூறாவது படியில் கால் சொன்னபடி கேட்காது. உடைந்தால் முதலில் நான்தானே போவேன், என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த நியாயத்தை மென்று முழுங்கித்தான் சாப்பாடும் இறங்கியது.

பத்தொன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் பொறியாளர் வந்தார். வேறெங்கோ இதைவிட உயரமாகக் கட்டிவிட்டார்களாம். மேனேஜருக்குத் தூக்கமில்லை. இன்னும் முப்பது மீட்டர் ஏற்ற முடியுமா என்று பார்க்க வந்திருந்தார் பொறியாளர். உச்சியாரின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“உச்சியிலதான் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, காத்து அங்கதான் ஆட்டும். ஆனா பாருங்க, புதுக்கோடு போட்டதிலேருந்து பத்தொன்பது நாளா ஒரு நட்டுகூட அசையல,” என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “உங்க கையெழுத்தை நம்பித்தான் அண்ணே இதுக்கு மேல ஏத்தப் போறோம்.”

உச்சியார் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். நேராக வீட்டுக்குப் போனார். நாலு தெரு தாண்டித்தான் வீடு. ஜன்னலைத் திறந்தால் வண்டி இறங்குகிற இரைச்சலும் ஜனங்களின் கூச்சலும் அங்கேயே கேட்கும்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். முட்டி, பெயிண்ட், பத்தொன்பது நாள், இன்றைக்குக் கேட்ட வார்த்தை, எதையும் விடவில்லை.

“ஆனா தினமும் நான்தான் முதல்ல உட்கார்ந்தேன்,” என்றார் கடைசியில். “போனா நான்தான் போயிருப்பேன்.”

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். “நீங்க ஒரு சுத்துதான் போனீங்க. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை சுத்து ஓடுது?”

ஜன்னலில் ஒரு கூச்சல் ஏறி இறங்கியது.

“இப்போ ஓடிக்கிட்டு இருக்கே,” என்றாள். “இங்க நின்னு என்கிட்ட என்னத்தச் சொல்றீங்க?”

மேனேஜருக்குப் போன் போட்டார், மணி அடித்து ஓய்ந்தது. இயக்கும் அறைக்குப் போட்டார், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அங்கே யாருக்குக் கேட்கும்? நொண்டிக்கொண்டே ஓடினார். பத்தொன்பது நாளாக உச்சிவரை ஏறாத கால் அன்றைக்குத் தெருவில் எப்படி ஓடியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

“நிறுத்து தங்கச்சி!” என்று கத்திக்கொண்டு இயக்கும் அறைக்குள் நுழைந்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வண்டி நல்லவேளையாக மேடையில்தான் நின்றிருந்தது. இடுப்புக் கம்பிகளை விடுவித்து, உட்கார்ந்திருந்த இருபத்து நாலு பேரையும் இறக்கினாள். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். வேலை கெட்டவன் என்றார் ஒருவர். உச்சியார் அங்கே வைத்திருந்த பையையும் வாக்கிடாக்கியையும் எடுத்து மாட்டிக்கொண்டு படியைப் பிடித்தார்.

ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. பாதி உட்கார்ந்து, பின்பக்கமாகக் கையூன்றித் தூக்கித்தான் ஏறினார். மேலே போய் முதல் நட்டுக்கு ஸ்பேனர் போட்டார். அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. பதினேழாவது நட்டு அரைச் சுற்றுச் சுற்றியது. அதன் மேலிருந்த மஞ்சள் கோடு அந்த விநாடி வரைக்கும் நேராகவே இருந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரே தகட்டில் மூன்று.

வாக்கிடாக்கி கரகரத்தது. மேனேஜர். “என்னண்ணே, ஜனம் போக மாட்டேங்குது. எத்தனை நட்டு தளர்ந்திருக்கு?”

“அஞ்சு.”

“அஞ்சுதானே? முறுக்கியாச்சுல்ல?”

“முறுக்கிட்டேன்.”

“அப்போ இறங்கி வாங்க, வண்டியை விடுவோம். இதுக்குப் போயா இவ்வளவு கலாட்டா?”

உச்சியார் தண்டவாளத்தின் குறுக்கே உட்கார்ந்தார். ஆள் மேலே இருந்தால் வண்டி கிளம்பாது. கையெழுத்துப் போட்டுக் கெடுத்த மனிதனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வழிதான்.

“விட வேண்டாங்க. பொறியாளரம்மாவை வரச் சொல்லுங்க. பத்தொன்பது நாளா இந்த நட்டுங்களை நான் தொடவே இல்ல. காகிதத்துல எழுதினது எல்லாம் பொய்.”

வாக்கிடாக்கியில் எல்லாரும் ஒரே அலைவரிசையில்தான் பேசுவார்கள், கேட்பார்கள். வாசல் காவலாளி, டிக்கெட் கொடுப்பவர், துப்புரவு வேலைக்காரர் எல்லாருக்கும் அது கேட்டது. பிறகு இயக்கும் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணே.”

“சொல்லு தங்கச்சி.”

“நேத்து எங்க அம்மா வந்தாங்கண்ணே. பயமா இருக்குன்னாங்க. அண்ணன் காலையில தொட்டுப் பார்த்துட்டுத்தான் விடுவாரு, நான் இருக்கேன், ஏறும்மான்னு நான்தான் ஏத்தி விட்டேன். மூணு சுத்து.”

உச்சியார் பதில் சொல்ல வாக்கிடாக்கியின் பொத்தானை அமுக்கினார். வெகுநேரம் அமுக்கியபடியே இருந்தார். கீழே எல்லாருக்கும் காற்று மட்டும்தான் கேட்டது.